கூரைக்குச் சம்பளம்

வெயிலை விற்றுத் தரும் தொழிலில் முதல் வருடம் தோல் கறுக்கும், அடுத்த வருடம் முகம் கறுக்கும்.

பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படிப்பித்து ஓய்வுபெற்ற பிறகு, மன்னார் பட்டினத்தில் வீட்டுக் கூரைகளில் சோலர் பூட்டும் ஒரு கொம்பனியில் சேர்ந்தேன். கூரையில் பிறக்கும் மின்சாரத்தை அரசாங்கம் வாங்கும், நீண்ட காலத்துக்கு ஒரே விலையில் மாதாமாதம் காசு தரும் என்று இங்கிலிஷ் பத்திரங்களில் உள்ளதை, வருகிறவர்களுக்குத் தமிழில் விளக்குவது என் வேலை. அரசாங்கத்தின் வாக்கை உங்கள் வாயால் சொல்லி, அதற்கான பதிலை உங்கள் காதால் கேட்டவர்களா நீங்கள்? அப்படியானால் கொஞ்சம் கிட்ட வாருங்கள்.

ஏற்றுமதி

தோட்டவெளி ஊர்ச் செபமாலையர் வாழ்நாளெல்லாம் கடலில் மீன் பிடித்தவர். மாரடைப்பு வந்த பிறகு, இனிக் கடல் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவர் மனைவி திரேசம்மா வங்கியில் கடனெடுத்துச் சோலர் போட நினைத்தது அதற்காகத்தான்.

புது மீற்றர் இரண்டு கணக்குக் காட்டும் என்றேன். நீங்கள் எடுப்பது இறக்குமதி, கொடுப்பது ஏற்றுமதி. செபமாலையர் கதிரையில் நிமிர்ந்தார். நல்ல நண்டும் இறாலும் அந்தச் சொல்லோடுதான் ஊரைவிட்டுப் போகும்.

"ஏற்றுமதி எண்டால் நல்லது போயிடும், ரீச்சர். எங்களுக்குக் கோதுதானே மிஞ்சும்?"

இடமில்லை

அனுமதி வந்துவிடும் என்று நம்பிச் சோலர் பனல்களை அவர்கள் கூரையில் ஏற்றியாயிற்று. இணைப்புத்தான் கிடைக்கவில்லை. அவர்கள் ஒழுங்கையின் ட்ரான்ஸ்போமர் தாங்கக்கூடியதை முன்வீதி விடுதியின் பெரிய கூரைச் சோலர் முழுதாகப் பிடித்துவிட்டதாம். பெரிய ட்ரான்ஸ்போமர் வரும்வரை பொறுக்கச் சொன்னார்கள்.

மழை போய்ச் சோளகக் காற்று வந்தது. கடல் உப்புப் படிந்து, பனல்கள் புரை விழுந்த கண்கள்போல வானத்தைப் பார்த்துக் கிடந்தன. ஒன்றும் தராத அவற்றைத் திரேசம்மா ஏணியில் ஏறித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பஸ்ஸில இடமில்லை எண்டால் நிண்டுகொண்டு போகலாம். கம்பியில இடமில்லை எண்டால் என்ன செய்யிறது, ரீச்சர்?"

புது விலை

பெரிய ட்ரான்ஸ்போமர் வந்தது. அதற்குள் அரசாங்கம் விலையைக் குறைத்துவிட்டது. முன்பே இணைந்தவர்களுக்குப் பழைய விலை, இனிமேல் இணைகிறவர்களுக்குப் புது விலை. வாசலில் காத்து நின்றவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. அறிவித்தலைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எந்த வினைச்சொல்லிலும் இரக்கம் இருக்கவில்லை.

போய்ச் சொன்னேன். திரேசம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். செபமாலையர்தான் என்னைத் தேற்றினார்.

"நீங்கள் ஏன் தலையைக் குனியிறியள், ரீச்சர்? நீங்கள் என்ன அரசாங்கத்தின்ர பெண்சாதியோ?"

உயிர்த்த ஞாயிறு

இணைப்புக் கிடைத்து, காசும் வரத் தொடங்கியிருந்தது. விடுமுறை வந்தது. தொழிற்சாலைகள் மூடியிருப்பதால் நாட்டில் மின்சாரம் மிஞ்சுகிறது, பகலில் வீட்டுச் சோலரை நிற்பாட்டி வையுங்கள் என்று செய்தி. வாடிக்கையாளருக்கெல்லாம் நான் போன் எடுக்க வேண்டும். செபமாலையர் பூசை முடிந்து வந்திருந்தார். அவரிடமும் சொன்னேன். யுத்த காலத்தில் கரையில் வள்ளம் இறக்கவும் தடை இருந்ததை நானும் அறிவேன்.

"அப்ப கடலைப் பூட்டினாங்கள். இப்ப வெயிலுக்கும் பூட்டோ?"

கேட்டுவிட்டு, போய் நிற்பாட்டினார்.

வெறுங்கதிரை

அடுத்த மாதம் பனல்களைப் பார்க்கப் போனேன். செபமாலையரின் கதிரை காலியாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கோ என்று கேட்கப் பயந்து, காற்றைப் பற்றிக் கதைத்தேன். திரேசம்மா கடல் பக்கம் கையைக் காட்டினார். மாதக் காசு வங்கித் தவணைக்குப் போதவில்லை. விடியப்புறம் பக்கத்து வீட்டு வள்ளத்தில் போகிறாராம். மருந்தை அவர் கட்டும் சாரத்தில் முடிந்துதான் திரேசம்மா அனுப்புகிறாராம்.

"கூரை உழைக்கும், அவர் இருக்கட்டும் எண்டு நினைச்சன். இப்ப கூரைக்கும் சேர்த்து அவர் உழைக்கிறார், ரீச்சர்."

வெயிலுக்கு விலை சொல்லித் திரிந்த இத்தனை காலத்தில், ஒரேயொரு மனிதரை நிழலில் இருத்தி வைக்க என் இங்கிலிஷ் போதாமல் போயிற்று.