காலியா ஓட்டிப் பார்த்த வண்டி

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு கார்த்திகை மாசம் புதுச்சேரியில நடந்தது இது. நாங்க இருக்கிறது முதலியார்பேட்டை. நானும் எங்க வீட்டுக்காரரும் கல்யாணம், காதுகுத்து, கருமாதின்னு எல்லாத்துக்கும் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுறோம். ரெண்டு சக்கரம் வச்ச இரும்பு ட்ராலி மேல அது உட்கார்ந்திருக்கும். வண்டிக்குப் பின்னாடி கொக்கியில மாட்டி இழுத்துட்டுப் போகணும். கனம்னா கனம், அப்படி ஒரு கனம்.

எங்க பழைய மினி லாரி படுத்துடுச்சு, புதுசு எடுக்கணும். டீசலா, காஸா? இந்த ஒரு கேள்வியை வச்சுக்கிட்டு எங்க வீட்டுக்காரர் எட்டு மாசம் என் உயிரை வாங்கினாரு. டீக்கடையில கேட்பாரு, டீசல்னு சொல்வாங்க. என் தம்பியைக் கேட்பாரு, அவன் காஸ்னு சொல்வான். பிரஷர் பார்க்கப் போன இடத்துல டாக்டரையே கேட்டாரு மனுஷன். அவரு என்னத்தைச் சொல்வாரு, உப்பைக் குறைங்கன்னாரு. சாப்பிட உட்கார்ந்தா சோத்துல விரலால கோடு போட்டு, இந்தப் பக்கம் டீசல், அந்தப் பக்கம் காஸ்னு எனக்குப் பாடம் வேற. அதுவரைக்கும் ஒவ்வொரு ஆர்டருக்கும் யார்கிட்டயாவது வண்டிக்குத் தொங்குறது என் வேலை.

எங்க மெக்கானிக் அண்ணன் மட்டும்தான் ஒழுங்கா பதில் சொன்னாரு. "சும்மா சரக்கு ஏத்திட்டு ஓடுறதுக்கு காஸ் போதும்மா. பின்னாடி இவ்ளோ கனத்தை இழுக்கணும்னா டீசல்தான். எதுக்கும் ஜெனரேட்டரை மாட்டி ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டு எடுங்க."

நான் கேட்டேனா? எனக்கு வெறுத்துப் போயிருந்துச்சு. "நீங்க யோசிச்சுக் கிழிச்சது போதும், காஸ் வண்டிதான்"னு ஒரே போடா போட்டேன். புகை கிடையாது, செலவு கம்மி, அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது. லாஸ்பேட்டை பக்கம் ஓட்டிப் பார்த்தோம். பின்னாடி ஒண்ணுமே மாட்டலை. வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போச்சு. பூசணிக்காய் உடைச்சு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கி வீட்டுக்குக் கொண்டாந்துட்டோம். நம்ம ஊரு ரோடு சமமா இருக்கிறதால ரெண்டு மாசம் ஒரு வம்பும் இல்லாம ஓடுச்சு. எங்க வீட்டுக்காரரைப் பார்க்கிறப்பல்லாம் நான் ஒரு சிரிப்பு சிரிப்பேன்.

அப்புறம் புயல் வந்துச்சு. ரெண்டு நாளா கரண்ட் இல்லை. மூணாம் நாள் காலையில, கடலோரம் மீன்பிடிக்கிறவங்க இருக்கிற குருசுக்குப்பத்துலேர்ந்து ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. அவங்க அம்மா தவறிட்டாங்க. அண்ணன் பிரான்ஸ்லேர்ந்து கிளம்பிட்டாரு, மறுநாள்தான் வந்து சேருவாரு. ஃப்ரீசர் பாக்ஸ் வந்துடுச்சு, ஆனா கரண்ட் இல்லாம அது வெறும் கண்ணாடிப் பெட்டி.

"ஐஸ் கட்டியும் கிடைக்கலைக்கா. அண்ணன் வந்து முகம் பார்க்கிற வரைக்கும் அம்மாவைக் காப்பாத்திக் குடுங்கக்கா"ன்னு அழுதுச்சு. அரை மணி நேரத்துல அங்க இருப்போம்னு வாக்குக் குடுத்தேன்.

தண்ணியும் மரக்கிளையுமா கிடந்த மெயின் ரோட்டுல எப்படியோ முக்கி முனகிப் போயிட்டோம். அவங்க தெருவுக்குத் திரும்புற இடத்துல ஒரு மேடு, அது மேல புயல் அள்ளிப் போட்ட மணல். வண்டி பாதி ஏறுச்சு, திணறுச்சு, பின்னாடி வந்துச்சு. மறுபடி மிதிச்சாரு. கிளட்ச் கருகுற வாடை மூக்குல ஏறுச்சு. மூணாவது தடவை இன்ஜின் அணைஞ்சே போச்சு. எங்க வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு, "டீசல் எடுத்திருந்தா ஏறியிருக்கும்"னாரு. எட்டு மாசமா தீர்மானமா ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன் அன்னிக்குச் சொன்னாரு பாருங்க. அவரைக் கடிச்சுத் துப்பலாம் போல இருந்துச்சு. அதைவிட என் மேலதான் எனக்குக் கோவம்.

அந்தப் பொண்ணு செருப்பில்லாம ஓடி வந்துச்சு. படகு இழுக்கிற டிராக்டர் இருக்குமேன்னு கேட்டேன். அது கரையில சிக்கிக் கிடக்குன்னுச்சு. வண்டியைப் பார்த்துச்சு, என்னைப் பார்த்துச்சு, திரும்பி ஓடுச்சு. கொஞ்ச நேரத்துல இருபது பேரு, படகைக் கரையேத்துற தடிமனான கயிறோட வந்தாங்க. எங்க வண்டியை ஓரமாத் தள்ளிட்டு, ட்ராலியில கயிறைக் கட்டி, ஒருத்தர் குரல் குடுக்கக் குடுக்க இழுத்தாங்க. கயிறுல முதல் ஆளா நின்னது அந்தப் பொண்ணு. நானும் பிடிச்சேன். உள்ளங்கை எரிஞ்சுது, அவமானத்துல முகமும் எரிஞ்சுது. வாசல் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தி ஜெனரேட்டரைப் போட்டோம். பெட்டியில லைட் எரிஞ்சதுக்கப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

மறுநாள் அந்தப் பொண்ணே போன் பண்ணி, அண்ணன் வந்து அம்மா முகத்தைப் பார்த்துட்டாருன்னு சொல்லுச்சு. நன்றி வேற சொல்லுச்சு.

இப்ப டீசல் வண்டிதான் வச்சிருக்கோம். யாராவது யோசனை கேட்டா, இழுக்க வேண்டியதை மாட்டிட்டு ஓட்டிப் பாருங்கன்னு மட்டும் சொல்றேன். அன்னிக்கு அந்தப் பொண்ணு என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தா இந்நேரம் மறந்திருப்பேன். திட்டாம, பெத்தவளைக் கூடத்துல கிடத்திட்டு வந்து, என் வண்டி இழுக்காததைத் தன் கையால இழுத்துச்சே, அதுதான் இன்னிக்கும் என்னை அறுக்குது.