ஓனருக்கு ஒரு பங்கு அவரைக்காய்

எங்கள் ஹவுஸ் ஓனர் தன் வீட்டின் மேல் வைத்திருந்த பிரியத்தில் பாதியை, அதில் குடியிருந்த எங்கள் மேல் வைத்திருந்தால் எனக்கு இதை எழுத வேலையே இருந்திருக்காது.

வீடு அரியூரில். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வந்து, இரண்டாவது தெருவில் இருக்கிறது. ஒரு காலத்தில் கரும்பு போட்டுக்கொண்டிருந்தவர், நிலத்தில் ஒரு பகுதியை மனைக்கு விற்று மூன்று போர்ஷன் கட்டினார். முன்பக்கத்தில் அவரும் அவர் மனைவியும், பின்பக்கத்தில் நானும் என் கணவரும், மாடியில் கண்ணிலேயே படாத காலேஜ் பிள்ளைகள். என் கணவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். நான் வில்லியனூரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். கல்யாணமாகி இரண்டாவது வருடம் இந்த வீட்டுக்கு வந்தோம்.

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றார். சரி என்று காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். கம்பியில் பெயின்ட் உரியும் என்று அதையும் அவிழ்க்கச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் காலண்டர் அரிசி டிரம் மேல் படுத்துக்கொண்டுதான் தேதி சொல்கிறது. கொடியில் எந்தப் பக்கம் யார் துணி என்பதற்குச் சட்டம். செருப்பு எந்தப் படியில் என்பதற்குச் சட்டம். எல்லாவற்றுக்கும் மேல் மோட்டார். அதன் சுவிட்ச் அவருடைய ஹாலில், அவர் கட்டிலுக்குத் தலைமாட்டில். காலையில் ஒரு தரம் போடுவார். அதன் பிறகு மாடிப்படியில் நின்று கழியால் டேங்கைத் தட்டிப் பார்த்து, "தண்ணி இருக்குது, இருக்குது" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி அறிவிப்பார். பத்து மணிக்கு நம் குழாய் காற்று விடும். அவரிடம் போய்ச் சொன்னால் மறுபடியும் டேங்கைத் தட்டுவார்.

இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்ததற்குக் காரணம் என் மாமியார்.

ஏம்பலம் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருந்தவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஊரிலிருந்து வில்லியனூர் வந்து பஸ் மாறி அரியூர் ஆஸ்பத்திரிக்கு வருவார். முடிந்து திரும்பும்போது பஸ் கம்பியைப் பிடிக்கக் கையில் தெம்பிருக்காது. ஒருநாள் பஸ் ஸ்டாண்டிலேயே மயங்கி விழுந்தார். அன்றைக்கே கூட்டி வந்துவிட்டோம். இங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம், திரும்பும்போது மட்டும் ஆட்டோ. இந்த வீட்டை விட்டால் மறுபடியும் அவருக்கு அந்த பஸ்தான்.

"ரெண்டு பேருன்னுதானே சொன்னீங்க?" என்றார் ஓனர், மாமியார் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே.

"எங்க அத்தை, அங்கிள். உடம்பு சரியில்ல."

"எத்தினி நாளு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் சொன்னார். "அத ஆஸ்பத்திரில கேட்டுச் சொல்றேன் ஓனரே."

அதுதான் அவர்களுடைய முதல் பேச்சு. என் மாமியாருக்கு வாய் அதிகம். உடம்பில் தெம்பில்லாத நாளிலும் வாயில் இருக்கும். அதனாலேயே கல்யாணமான புதிதில் எனக்கும் அவருக்கும் ஆகாது. எனக்கும் வாய் குறைவில்லையே. நோய் வந்த பிறகுதான் இருவரும் ஒரு கட்சியானோம். எதிர்க்கட்சிக்கு ஓனர் கிடைத்துவிட்டார்.

சண்டை வெடித்தது ஆனி மாதக் கடைசியில். மாமியாருக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். தலை நிறைய சீயக்காய். குழாய் நின்றுவிட்டது. கண்ணில் காரம் இறங்கி அவர் துடிக்கிறார். நான் ஈரப் புடவையோடு ஓடிப்போய் ஓனர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் நிதானமாக வெளியே வந்து, கழியை எடுத்துக்கொண்டு, டேங்கைத் தட்டப் படியேறினார். எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ!

"தட்டினா தண்ணி வருமா அங்கிள்? சுவிட்ச போடுங்க! தண்ணி வுட மனசில்லன்னா எதுக்கு வாடகைக்கு வுட்டீங்க?"

தெருவே எட்டிப் பார்த்தது. அவர் முகம் கறுத்துவிட்டது. சுவிட்சைப் போட்டார். போட்டுவிட்டு வந்து சொன்னார்.

"காலி பண்ணுங்க. இந்த மாசத்தோட."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "இன்னா பேசுற நீ? ஆடி பொறக்கப் போவுது. ஆடில எவன் பால் காய்ச்சிக் குடி போவான்? வூடு சும்மா கெடக்கும்."

ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள். விடுகிறவருக்கும் ஆகாது, போகிறவருக்கும் ஆகாது. ஓனர் விரல் விட்டு நாள் எண்ணினார்.

"சரி. ஆவணி ஒண்ணாந்தேதி."

அந்த ஆடி முழுக்க நானும் என் கணவரும் வீடு தேடினோம். ஆஸ்பத்திரியைச் சுற்றி இருக்கிற வீடுகளுக்கெல்லாம் காலேஜ் பிள்ளைகள் கேட்கிற வாடகையைக் கொடுக்கிறார்கள். நமக்குக் கட்டுகிற மாதிரி ஒன்றிரண்டு கிடைத்தாலும், "வூட்ல பேஷன்ட் யாருனா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். எல்லாம் என் வாயால் வந்த வினை என்று என் கணவர் சொல்லவில்லை. சொல்லாததுதான் உறுத்தியது.

என் மாமியார் என்ன செய்தார் தெரியுமா? மகனிடம் சொல்லி ஊரிலிருந்து அவரைவிதை எடுத்துவரச் சொன்னார். காம்பவுண்டு சுவருக்கும் படிக்கும் நடுவில் முறம் அகலத்துக்கு மண் தெரிகிற ஓர் இடம் உண்டு. அங்கே உட்கார்ந்து ஊன்றிவிட்டார்.

"காலி பண்ணப்போற வூட்ல எதுக்கு அத்தை இது?" என்று எரிந்து விழுந்தேன்.

"ஆடியில வெத போடாம எந்த வருசமும் இருந்ததில்லடி. கை ஊறுது."

ஓனர் பார்த்துவிட்டார். "இன்னா இது?"

"அவரக்கொட்டை."

"யாரக் கேட்டுப் போட்ட?"

"வெத போடக்கூடவா கேக்கணும்?"

அடுத்து தோண்டி எறிவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து மண்ணை விரலால் நோண்டினார். "இவ்ளோ ஆழத்துல போட்டா அழுவிப் போவும்மா. வெவசாயம் தெரியுமா தெரியாதா உனக்கு?"

"நீ கரும்பு வெச்சவன். உனக்குக் கொடியப் பத்தி இன்னா தெரியும்?"

ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் முளை விட்டது. ஆழம் சரிதான் என்று மாமியார், மழை பெய்ததால் தப்பித்தது என்று அவர். இருவரும் விடவில்லை. அதன் பிறகுதான் அந்த அதிசயம் நடந்தது. ஒருநாள் மத்தியானம் வெயில் கொளுத்துகிறது, முளை தலை சாய்ந்து நிற்கிறது. மூன்று மணிக்கு மோட்டார் ஓடுகிற சத்தம்! நான் அன்று லீவு. வெளியே ஓடிவந்து பார்த்தால், ஓனர் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நாலு முளைக்கு ஒரு மோட்டார்! மனிதர்கள் வாய் வறண்டு நின்றால் டேங்கைத் தட்டிக் காட்டுகிறவருக்கு, ஒரு செடி வாடுவதைப் பார்க்கத் தாங்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபத்தோடு ஓடிப்போய் வீட்டிலிருந்த குடம், பக்கெட், குண்டான் எல்லாவற்றையும் நிரப்பினேன். அதற்கப்புறம் தினமும் மூன்று மணிக்கு எங்களுக்கும் தண்ணீர்.

மாமியார் படியில் உட்கார்ந்து அந்தத் தண்ணீர் மண்ணில் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு டாக்டர் அளந்துதான் தண்ணீர் கொடுக்கச் சொல்லியிருந்தார். நாளெல்லாம் சேர்த்து ஒரு சின்னச் செம்பு. தாகம் எடுத்தால் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுவார். "நல்லா குடிக்குது பாரு" என்று செடியைக் காட்டிச் சொல்வார்.

ஆவணி ஒன்றாம் தேதி வந்தது. வீடு கிடைக்கவில்லை. காலையிலேயே ஓனர் எங்கள் வாசலுக்கு வந்தார். நான் கெஞ்சத் தயாராக நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் கொடியைப் பார்த்தார். அது அப்போதுதான் சவுக்குக் கழியைச் சுற்ற ஆரம்பித்திருந்தது. கழி நட்டதும் அவர்தான்.

"இன்னும் பந்தலே ஏறல" என்றார், கொடியிடம் சொல்கிற மாதிரி. "ஏறட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

புரட்டாசியில் பந்தல் ஏறியது. "பூக்கட்டும்" என்றார். ஐப்பசி மழையில் வேரில் தண்ணீர் நின்றபோது மண்வெட்டியோடு வந்து கால்வாய் வெட்டினார். தன் சிமென்ட் தரையின் ஓரத்தைத் தானே கொத்தினார், ஆணி அடிக்க விடாத மனிதர்! கார்த்திகையில் கொடியில் அசுவினிப் பூச்சி விழுந்தது. மாமியார் டயாலிசிஸ் போன நாளெல்லாம் சாம்பல் தூவுகிற வேலை அவருடையது. சரியாகத் தூவவில்லை என்று திரும்பி வந்ததும் மாமியார் திட்டுவார். ஆட்டோவிலிருந்து இறங்கக் கைத்தாங்கல் வேண்டும், ஆனால் திட்டுவதற்குத் தெம்பு வந்துவிடும். அவரும், "ஒருநாள் கூட வாய மூடிட்டு வரமாட்டியாம்மா நீ?" என்று கேட்டைத் திறந்துவிடுவார்.

என்னோடு மட்டும் பேசவில்லை. மார்கழியில் கொடி காய்த்துக் குலுங்கியபோது, என் கணவரைக் கூப்பிட்டுக் கறாராகச் சொன்னார். "மார்கழியிலும் குடி மாற மாட்டாங்க, அதனால சும்மா இருக்கேன். பொங்கல் முடிஞ்சதும் காலி பண்ணிடணும். வூட்டுக்காரன் சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குதுல்ல?"

செடி முடியப்போகிறது. இனி எதைச் சொல்லித் தள்ளிப்போடுவார்? என் கணவர் ஊருக்கே திரும்பிவிடலாம் என்றார். மாமியார் எழுந்து கொடியைப் பார்க்கப் போனார். எனக்கு அந்த பஸ் கம்பிதான் கண்முன் வந்து நின்றது.

பொங்கலுக்கு முதல் நாள் காலை மாமியார் என்னை வைத்துக் காயெல்லாம் பறித்தார். முற்றத்தில் சாக்கு விரித்து, காயைக் கொட்டி, இரண்டு குவியலாகப் பிரித்தார். பிரித்துவிட்டு, "ஓனரே!" என்று குரல் கொடுத்தார்.

என் கணவருக்கு உடனே புரிந்துவிட்டது. என் காதில் சொன்னார். அவருடைய அப்பா ஊரில் ஒருவருடைய நிலத்தைப் பங்குக்குப் பயிர் வைத்தவர். அறுவடையன்று களத்தில் குவியல் போட்டு நிலத்துக்காரரைக் கூப்பிடுவார்கள். பயிர் வைத்தவரை மாற்ற வேண்டுமென்றால், பங்கை எடுக்கும் முன்னால் அங்கேயே, அப்போதே சொல்லிவிட வேண்டும். எதுவும் சொல்லாமல் பங்கை எடுத்துக்கொண்டு போனால் அடுத்த போகமும் அவர்களுக்குத்தான். அது அந்தப் பக்கத்து வழக்கம். கரும்பு போட்ட மனிதருக்கு அது தெரியாமல் இருக்காது.

ஓனர் வந்தார். குவியலைப் பார்த்ததுமே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது?"

"ஓனருக்குப் பங்கு."

அவர் மனைவியும் கதவருகில் வந்து நின்றார். அவர் மாமியாரைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆறு மாதத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நேரம் நான் சும்மா நின்றதில்லை.

குனிந்து ஒரு காயை எடுத்து ஒடித்தார். "சொத்தை" என்றார். இன்னொன்றை எடுத்தார். "அந்தக் குவியலு பெருசா இருக்குதே."

"அப்ப அத எடுத்துக்கோ" என்றார் மாமியார்.

துண்டை விரித்துப் பெரிய குவியலை வாரி முடிந்தார். முடிச்சுப் போட ரொம்ப நேரம் ஆனது. தூக்கிக்கொண்டு நாலடி நடந்தவர் நின்று திரும்பினார். சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"அடுத்த ஆடிக்கு ஓரடி தள்ளிப் போடு. செவரு ஓரம் வெயிலு பத்தல."

நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். என் கணவர் வானத்தைப் பார்த்தார். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. சாக்கின் மேல் உட்கார்ந்தபடியே, ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கையைத் தடவிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"அடுத்த ஆடிக்கா? அதுவரைக்கும் நான் இருக்கணுமே ஓனரே."

வீடு போய்விடும் என்று நாங்கள் ஆறு மாதம் பயந்துகொண்டிருந்தோம். மாமியார் பயந்துகொண்டிருந்தது வேறு ஒன்றுக்கு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஓனர் மூட்டையைக் கீழே வைத்தார். அப்புறம், செருப்பைப் படி மாற்றி விட்டால் கத்துவாரே, அதே குரலில் கத்தினார்.

"இருந்துதான் ஆவணும்! பங்குக்கு எடுத்துட்டுப் பாதியில போறதுன்னா எப்பிடி? அதெல்லாம் இந்த வூட்ல கெடையாது!"

அவர் போட்ட சட்டங்களிலேயே என் மாமியார் எதிர்த்துப் பேசாமல் தலையாட்டியது அது ஒன்றுக்குத்தான்.

ஆணி இன்னும் அடிக்கவில்லை. காலண்டர் இன்னும் அரிசி டிரம் மேல்தான். போன வாரம் அதில் ஆடி பிறந்தது. மாமியார் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, சுவரிலிருந்து ஓரடி தள்ளி விதை போட்டார்.