மாத்திரை போன இடம்

சிவப்பு மூடி போட்ட சின்ன பிளாஸ்க் அது. துணிப்பையிலிருந்து அதை எடுத்து, மூடியிலேயே ஊற்றி, ஊதி ஆற்றி மருமகளிடம் நீட்டிய அந்தக் கையைத்தான் நான் முதலில் சந்தேகப்பட்டேன். கல்லலுக்கு அப்பால் ஒரு கிராமத்தில், துணை சுகாதார நிலையத்தில் நான் நர்ஸாக இருந்த காலம். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள். பெஞ்சு முழுக்கப் பெண்கள். அவர்களுக்குத் துணையாக அம்மா, மாமியார், நாத்தனார். அத்தனை பேருக்கும் நடுவில் அறுபது வயதைத் தாண்டிய ஒரே ஓர் ஆண், பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பெண்ணிடம் கேள்வி கேட்டால் பதில் அவரிடமிருந்து வந்தது. "காலையில நாலு இட்லி சாப்பிட்டுச்சு சிஸ்டர். மாத்திரை போட்டுச்சு. நேத்து ராத்திரி மட்டும் ஒருவாட்டி வாந்தி." அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

கல்யாண வீடுகளில் சமைக்கப் போகிறவர் என்பதால் ஊரில் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகன் கல்யாணமான நாலாம் மாதம் சிங்கப்பூருக்கு வெல்டிங் வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் இவரும் மருமகளும்தான். அவளுக்கு இருபத்திரண்டு வயது, முதல் பிரசவம். சமையல், கடை, ஆஸ்பத்திரி எல்லாம் அவர் பொறுப்பு. மாத்திரையைக்கூட அவர்தான் ஒரு தகர டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்திருந்தார். மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று அந்த வருடம் வந்த கல்யாண வேலைகளையெல்லாம் வேறு ஆளுக்கு விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதுவும் எனக்கு நல்லதாகப் படவில்லை. ஒரு மாமனார் இவ்வளவு செய்வாரா? ஏன் செய்கிறார்?

சந்தேகம் எங்கள் வேலையில் பாதி. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால், வாங்கிப் போகிறவர்களில் எத்தனை பேர் விழுங்குகிறார்கள் என்பது கடவுளுக்குத்தான் தெரியும். குமட்டும், வயிறு கட்டும், மலம் கறுப்பாகப் போகும், குழந்தை கறுத்துப் பிறக்கும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். வேலியோரத்திலும் கோழிக்கூண்டுக்கு அடியிலும் முழு அட்டைகளை நானே பொறுக்கியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் ஒருத்தி, "சாப்பிடுறேன் சிஸ்டர்" என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாள். பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் அவளை ஆம்புலன்ஸில் ஏற்றியபோது அவள் உதடு சுண்ணாம்பு மாதிரி இருந்தது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து சிரித்துக்கொண்டு சொல்லப்படும் எதையும் நான் நம்பியதில்லை.

மாஸ்டரின் மருமகளுக்கு நாலாம் மாதம் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு எட்டரை இருந்தது. ஐந்தாம் மாதம் எட்டு. அதே மாத்திரையைச் சாப்பிட்ட மற்றவர்களுக்கெல்லாம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. இவளுக்கு மட்டும் இறங்கியது. "மாத்திரை போடுறியா இல்லையா?" என்று கேட்டேன். "போடுறேன் சிஸ்டர்," என்றாள். வாசலில் நின்றிருந்தவர், "ஒருநா தப்புறதில்ல சிஸ்டர்," என்றார். நான் அவரை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு மறுபடி கேட்டேன். அதே பதில். சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன்.

ஒரு மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கொல்லையில் புதினாவும் கொத்தமல்லியும் பாத்தி பாத்தியாக இருந்தன. அவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, "இங்குட்டு நிழல்ல உக்காருங்க சிஸ்டர்," என்றார். டப்பாவைக் கேட்டேன். கொண்டுவந்து திறந்தார். உள்ளே காலி அட்டைகள் ஒன்றுவிடாமல் தட்டையாக அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு வைக்கப்பட்டிருந்தன. எவரும் காலி அட்டையைச் சேர்த்து வைப்பதில்லை. எனக்குக் காட்டவென்றே வைத்திருக்கிறார். மாத்திரையைப் பிதுக்கி வெளியே எறிந்துவிட்டு அட்டையை அடுக்குவது பெரிய காரியமா? அவர் முன்னாலேயே அவளிடம், "வெளிக்குப் போனா கறுப்பா போகுதா?" என்று கேட்டேன். அவள் முகம் சிவந்து, ஆமாம் என்று தலையாட்டியபோது கண்ணில் நீர் நின்றது. அவர் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சரியான பதிலே எனக்குக் கூடுதல் சந்தேகத்தைத் தந்தது.

அன்று சாயங்காலம் நான் ஒரு காரியம் செய்தேன். பதிவேட்டில் அவளுடைய அம்மாவின் நம்பர் இருந்தது. காரைக்குடியில், செக்காலைப் பக்கம் வீடு. கூப்பிட்டு, "உங்க மகளுக்கு ரத்தம் ஏறல. மாத்திரை வயித்துக்குள்ள போகுதா, அடுப்புக்குள்ள போகுதான்னு எனக்குத் தெரியல. நீங்க வந்து பாக்குறது நல்லது," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மறுநாள் அந்த அம்மா தன் தம்பியோடு ஆட்டோவில் வந்து இறங்கினாராம். தம்பி தெருவில் நின்றுகொண்டே, பொம்பளை இல்லாத வீட்டில் எங்கள் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர் என்று கேட்டாராம். அந்தக் கேள்வியை அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் கேட்டிருக்கின்றன. மாஸ்டர் உள்ளே போய் மருமகளின் துணிமணிகளை மடித்துப் பையில் வைத்து, தகர டப்பாவையும் மேலே வைத்துக் கொடுத்தாராம். அவள் அழுதுகொண்டே ஏதோ சொல்லப் பார்த்தாள், ஆட்டோ கிளம்பிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் சொன்னாள்.

அம்மா வீட்டுக்குப் போன ஐந்தாவது வாரம் அவளுக்கு ரத்தம் ஒன்பதரைக்கு ஏறியது. "நீங்க நெனச்சது சரியாப் போச்சு சிஸ்டர். எம் மகளக் காப்பாத்துனீக," என்று அந்த அம்மா போனில் அழுதார். நான் நிமிர்ந்து நடந்தேன். கடைவீதியில் எதிரே மாஸ்டர் வந்தால் அவர்தான் பார்வையைத் திருப்பிக்கொள்வார். குற்றமுள்ள ஆள் அப்படித்தான் போவான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாம் மாதம் காரைக்குடி பெரிய ஆஸ்பத்திரியில் அவளை டாக்டரிடம் காட்ட நானும் கூடப் போனேன். டாக்டரம்மா பழைய சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். இரண்டு மாதம் ஏறாத ரத்தம் திடீரென்று ஏறியது ஏன் என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, "அங்க ஒழுங்காக் குடுக்கல மேடம்," என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்து, "மாத்திரைய எதோட போட்டே?" என்றார். அதுவரை யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது.

"இங்க வெறுந்தண்ணில போடுறேன். அங்க மாமா புதினாத் தண்ணி வச்சுத் தருவாக, அதுல போடுவேன்."

"எவ்வளவு புதினா?"

"கை நிறையப் போட்டுக் கொதிக்க வைப்பாக. கறுகறுன்னு இருக்கும். காலையில ஒருவாட்டி, ராத்திரி ஒருவாட்டி. ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் பிளாஸ்க்ல எடுத்தாருவாக."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். டீயில் இருக்கும் துவர்ப்பு போலப் புதினாவிலும் உண்டு. திக்காகக் கொதிக்கவைத்தால் அது தண்ணீரில் இறங்கி வயிற்றில் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் அப்படியே வெளியே கொண்டுபோய்விடும் என்றார். இது ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் பெரிய காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னார். "புதினா கெட்டதில்ல. சட்னி வச்சுச் சாப்பிடு. தண்ணியாக் குடிக்கணும்னாலும் மாத்திரைக்கு ரெண்டு மணி நேரம் தள்ளிக் குடி. மாத்திரைய எலுமிச்சஞ்சாறுல போடு, நல்லாப் பிடிக்கும்." பிறகு, "புதினாவுல போடச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு, "சிஸ்டர்தான் சொன்னாக," என்றாள்.

எனக்கு ஞாபகம் வந்தது. மூன்றாம் மாதம் முடியும்போது மாத்திரை குமட்டுகிறது என்று அவள் சொன்னாள். டீயில் போடாதே, டீ ரத்தத்தை ஏறவிடாது என்று அதட்டியதும் நான்தான். பிறகு கையெழுத்துப் போட்டுக்கொண்டே, முகத்தைக்கூடப் பார்க்காமல், "புதினாத் தண்ணி வச்சு அதுல போடு, குமட்டாது," என்றேன். டீ ஆகாதென்றால் இலைத் தண்ணீரும் ஆகாதிருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இலைதானே, என்ன செய்துவிடும்? பின்னால் நின்ற அவர் அதைக் கேட்டு, வீட்டுக்குப் போய்ப் பாத்தி கட்டியிருக்கிறார். நான் மாத்திரையைத் தேடிப் போன அன்று அந்தப் பாத்திக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த நாள் அவர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப சொன்னது தப்பு. இப்பச் சொல்றது சரின்னு நான் எப்படி நம்புறது சிஸ்டர்?" என்றார். டாக்டர் எழுதிய சீட்டை நீட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். மன்னிச்சிடுங்க மாஸ்டர் என்றேன். "எங்கிட்ட என்னத்துக்கு? யார்கிட்ட எம்மேல சொன்னீகளோ, அவுககிட்டப் போயிச் சொல்லுங்க. தெருவுல நின்னு பேசுனவருகிட்டயும் சொல்லுங்க."

செக்காலைக்குப் போய்ச் சொன்னேன். அந்த அம்மா நம்பவில்லை. "அந்தாளு வந்து உங்களப் பேச வச்சுட்டாரா?" என்றார். தம்பி சிரித்தார். என்னுடைய வார்த்தையை ஒருமுறை அப்படியே நம்பியவர்கள் இரண்டாம்முறை என்னையே குறுக்கு விசாரணை செய்தார்கள். அப்போதுதான் உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்து கதவோரம் நின்றாள். "வந்த அன்னைக்கே சொன்னேன்லம்மா, மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்னு. ஒருத்தராச்சும் காது குடுத்தீகளா? சிஸ்டர் சொன்னா நம்புவீக, நாஞ் சொன்னா நம்ப மாட்டீக. இப்ப சிஸ்டரும் சொல்லிட்டாக." அவள் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்று ஒருநாள்தான். தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மாஸ்டரிடம் அவர் மன்னிப்புக் கேட்கவே இல்லை. தெருவில் கேட்ட கேள்வியைத் தெரு மறக்கவும் இல்லை. மறு வருடம் மாஸ்டர் அந்தக் கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு மகன் பார்த்துக் கொடுத்த வாடகை வீட்டுக்குக் குடிபோனதற்கு அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது நான் காரைக்குடியில் வேலை பார்க்கிறேன். மாத்திரை கொடுக்கும்போது எதோடு போடுகிறாய் என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்கிறேன். துளசித் தண்ணி, ஓமவல்லிக் கசாயம், சுக்குமல்லிக் காப்பி என்று ஒவ்வொருத்தியும் ஒன்று சொல்கிறாள். யார் சொல்லிக் கொடுத்தது என்றும் கேட்கிறேன். பலமுறை அது எங்களில் ஒருத்தியாகவே இருக்கிறது. கூட வருகிறவர்களை இப்போதும் சந்தேகப்படுகிறேன். அதை என்னால் விட முடியவில்லை. ஆனால் அந்த வரிசையில் என்னையும் நிறுத்திவைத்திருக்கிறேன்.

மாஸ்டரின் மருமகளுக்குக் காரைக்குடி பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவமான அன்று நான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். ரத்தம் பத்தரைக்கு வந்திருந்தது. பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. பெண் குழந்தை. வராந்தாவில் அம்மா வீட்டார் ஒரு பக்கம், மாஸ்டர் தனியாக ஜன்னலோரம். அங்கே வேலையிலிருந்த நர்ஸ் எனக்குத் தெரிந்தவள். குழந்தையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள். யாரிடம் முதலில் கொடுப்பது என்று நான் தயங்கியபோது, உள்ளேயிருந்து அவளுடைய களைத்த குரல், "மாமாகிட்டக் குடுங்க சிஸ்டர்," என்று கேட்டது.

அவர் பக்கத்தில் வந்தார். கை நீட்டவில்லை. சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, குழந்தையின் மணிக்கட்டில் கட்டியிருந்த அட்டையில் மருமகளின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு வார்டு எண்ணை வாசித்தார். அதன் பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரியாப் பாத்துத்தான் எடுத்துட்டு வந்தீகளா?" என்று கேட்டார்.

"பாத்துட்டேன் மாஸ்டர்."

இன்னொரு தடவை அட்டையை வாசித்தார். அவர் முடிக்கும்வரை நான் குழந்தையை ஏந்திக்கொண்டு அசையாமல் நின்றேன். அப்புறம்தான் இரண்டு கையையும் நீட்டினார்.