தேக்லாவின் தாழி

அலசானி சமவெளியைப் பார்த்தபடி இருக்கும் அந்த அருங்காட்சியகம் முன்பு லாமாராவின் வீடு. கணவர் நோதார் இறந்தபின் அவ்வளவு பெரிய வீட்டைத் தனியாகக் கட்டிக் காக்க அவளால் முடியவில்லை. அரசு கேட்டதும் கொடுத்துவிட்டாள். அங்கேயே காவல் வேலையும் கிடைத்தது. திராட்சை பிழியும் பழைய செக்கருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாராவது எதையாவது தொடக் கை நீட்டினால் கூடாதென்று தலையை ஆட்ட வேண்டும். பேச வேண்டியதில்லை என்பதால்தான் ஒப்புக்கொண்டாள்.

வருகிறவர்கள் எல்லோரும் கூடத்து மூலையில்தான் அதிக நேரம் நிற்பார்கள். அங்கே கழுத்துவரை மண்ணில் புதைந்த ஒரு தாழி, வாய் களிமண்ணால் மூடி, திறக்கப்படாமல் இருந்தது. மகள் தேக்லா பிறந்த ஆண்டில் நோதார் ஒயின் நிரப்பி மூடியது. பெண் பேரில் மூடிய தாழியை அவள் கல்யாணத்தன்றுதான் திறப்பார்கள். அதுவரை மூடியவர்கூட எட்டிப் பார்க்கமாட்டார்.

கல்யாணம் வரும் ஞாயிற்றுக்கிழமை. தாழியைத் திறக்கலாமா என்று லாமாரா அதிகாரியிடம் இன்னும் வாய் திறந்து கேட்கவில்லை.

"கேளேன்க்கா. பேசறதுக்கு வரியா போட்டிருக்காங்க?" என்றாள் டிக்கெட் கொடுக்கும் சியாலா.

"வீட்டோட சேத்துக் கொடுத்தாச்சே. எந்த மூஞ்சியோட கேக்கறது?"

அப்போது அருங்காட்சியக அதிகாரி ஷால்வா கூடத்துக்குள் வந்தார். குனிந்து களிமண்ணைத் தொட்டார். விரலைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தார்.

"லாமாரா அக்கா, இது ஈரமா இருக்கு. மழையே இல்லையே. அடியில ஊத்து ஏறுதுன்னு நினைக்கிறேன். நாளைக்கே ஆள் வரச் சொல்றேன். தோண்டி எடுத்துத் தலைநகர் திபிலீசிக்கு அனுப்பிடலாம்."

லாமாரா நாற்காலியை விட்டு எழுந்தாள். சியாலா அவள் முதுகில் ஒரு இடி இடித்தாள்.

"ஊத்து இல்ல சார்," என்றாள் லாமாரா. குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "ஊத்து இல்ல. நான்தான் தண்ணி ஊத்தறேன். காலையில, கதவு திறந்ததும்."

"நீங்களா?"

"மண்ணு காஞ்சா வெடிச்சிரும். காத்து உள்ள போயி ஒயின் கெட்டுரும்."

"அது எனக்குத் தெரியாதா? மேற்க இருக்கிற இமெரேத்திக்காரன்க்கா நான். எங்க வீட்லயும் தாழி இருக்கு."

"இமெரேத்தில தாழியா? ஊறுகா ஜாடின்னுல்ல சொன்னாங்க!" என்றாள் சியாலா.

ஷால்வா அவளைக் கண்டுகொள்ளவில்லை. "யாரும் தண்ணி ஊத்தாத தாழில ஈரம் எப்படின்னுதான் பயந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா? இத்தனை வருஷமா எதுக்கு ஒளிச்சு ஒளிச்சு?"

"சொன்னா ஏன்னு கேப்பீங்க." லாமாரா தரையைப் பார்த்தபடியே சொன்னாள். "எம் பொண்ணு தேக்லா பேர்ல மூடினது. ஞாயித்துக்கிழமை அவளுக்குக் கல்யாணம்."

ஷால்வா செக்கின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"சனம் வர்றதே இந்த மூடின தாழியப் பாக்கத்தான். திறந்துட்டா நான் எதைக் காட்டுவேன்?"

லாமாரா தாழியின் பக்கத்தில் போய் நின்றாள். அங்கிருந்து நகரவில்லை.

"திறந்து புளிச்சிருந்தா? கல்யாணத்தன்னைக்கு, அத்தனை பேர் முன்னாடி?"

"புளிச்சிருந்தா புளிச்சதுதான். அவங்கப்பா அவளுக்கு வச்சது."

ஷால்வா எழுந்தார். "பொண்ணு பேர்ல மூடினத நான் வச்சுக்கிட்டேன்னு தெரிஞ்சா எங்கம்மா என்னைய வாசப்படி ஏற விடமாட்டாங்க. ஆனா ஒண்ணு, தாழி நகரக்கூடாது. பந்தி இங்கேயே, வெளி முற்றத்துலதான்."

ஞாயிற்றுக்கிழமை முற்றம் முழுக்க மேசைகள். கூடத்தில் ஷால்வாவே சட்டைக் கையை மடித்துக்கொண்டு களிமண்ணைச் சுரண்டி, மூடியை நகர்த்தினார். வாசனை மேலே வந்தது. அது நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஒயின் கழுத்துக்கு வெகு கீழே இறங்கியிருந்தது. லாமாரா நீளக் காம்புச் சுரைக்குடுக்கையை உள்ளே விட்டு மொண்டாள். தன் வாயருகே கொண்டுபோகத் தைரியம் வரவில்லை. கல்யாண உடையில் நின்ற மகளிடம் நீட்டினாள்.

தேக்லா ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். பின் மிச்சத்தையும் குடித்துவிட்டு, உதட்டைத் துடைக்காமல், குடுக்கையை அம்மாவிடம் திரும்ப நீட்டினாள்.

"இன்னும் ஊத்தும்மா."

லாமாரா முற்றத்தின் பக்கம் திரும்பினாள். கடைசி மேசைக்கும் கேட்கும்படி கத்தினாள்:

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? குடத்தக் கொண்டாங்க!"