மரகதம் அத்தையின் ரெக்கார்டில் அந்தச் சத்தம்

மரகதம் அத்தை இறந்துவிட்டார். நேற்று விடியற்காலை, தூக்கத்திலேயே...

எங்கள் பக்கத்து வீடு. நீடாமங்கலம் வட்டாரத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. தோளில் அக்கார்டியனை மாட்டிக்கொண்டு தனியாக மேடையேறுவார். கட்சி மாநாடு, மாதா கோயில் தேர், மாரியம்மன் திருவிழா, கல்யாணம், விவசாயச் சங்கக் கூட்டம்... எங்கேயும்.

"ஏன் அத்தை ஒரு குழு வச்சுக்கல?" என்று கேட்டிருக்கிறேன்.

"குழுன்னா ஆளுக்கொரு கட்சி, ஆளுக்கொரு சாமி. நான் ஒருத்தின்னா கூப்புட்ட எடத்துக்கெல்லாம் போவேன்."

சென்னையில் ஒரு சின்ன கம்பெனி, அவருடைய பழைய கேசட்டுகளிலிருந்து தேர்ந்தெடுத்து, இத்தனை வருஷம் வாசித்ததை ஒரு எல்.பி. ரெக்கார்டாகப் போடுவதாகச் சொன்னது. அவருக்காக மெயில் அனுப்புவதெல்லாம் நான்தான். ப்ளஸ் ஒன் படிக்கிற பிள்ளை, நன்றாக எழுதும் என்று, அட்டையின் பின்பக்கக் குறிப்பையும் என்னையே எழுதச் சொன்னார்.

"பன்முக இசை ஆளுமை" என்று தொடங்கியிருந்தேன்.

"யாருடி இது?" என்றார். "அக்கார்டியன் வாசிக்கிற மரகதம்னு எழுது. போதும்."

அந்தக் கேசட்டுகளில் ஒன்று, குத்தகை நிலத்தைவிட்டு வெளியேறச் சொன்னபோது ஊரே வயலில் உட்கார்ந்த நாளில் பதிவானது. விளைந்த நெல்லை அறுத்துப்போகப் பண்ணையின் ஆட்கள் வரப்பில் நிற்கிறார்கள். அத்தை வாசிக்கிறார். நடுவில் ஒரு குழந்தை அழுகிறது, யாரோ இருமுகிறார்கள். ஒரு ஆண் குரல் மட்டும் திரும்பத் திரும்ப... "யாரும் எந்திரிக்காதீங்க... அப்படியே உக்காருங்க..."

இரைச்சலை கம்ப்யூட்டரில் எடுத்துவிட்டு வாத்தியத்தை மட்டும் வைக்கிறோம் என்று கம்பெனியில் எழுதினார்கள்.

"எடுத்துட்டா நான் யாருக்கு வாசிச்சேன்னு எப்படித் தெரியும்? சத்தத்தோட போட்டா போடட்டும். இல்லன்னா ரெக்கார்டே வேணாம்னு எழுது."

எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவு ஆசையாகக் காத்திருந்த ரெக்கார்ட்... ஆனாலும் அப்படியே எழுதினேன். பதில் வரவில்லை. சாயங்காலம் என்னைப் பார்த்தால் "வந்துச்சா?" என்பார்.

நேற்று மதியம் கம்பெனியிலிருந்து பார்சல் வந்தது. அத்தை ஐஸ் பெட்டியில் இருந்தார்.

மைக்செட் செல்வம் மாமா அப்போதுதான் தென்னை மரத்தில் ஒலிபெருக்கியைக் கட்டி முடித்திருந்தார். பக்திப் பாட்டுப் போடப் போனவரிடம், அத்தையின் தங்கை தனம் பார்சலை நீட்டினார். "இதப் போடுப்பா."

செல்வம் மாமாவிடம் பழைய ரெக்கார்ட் பிளேயர் இன்னும் ஓடுகிறது. வீட்டுக்குப் போய் எடுத்து வந்தார்.

முதலில் கல்யாணப் பாட்டு. சாவு வீட்டில்... வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்வம் மாமா நிறுத்தக் கை நீட்டினார். "விடுப்பா, ஓடட்டும்" என்றார் தனம் அத்தை.

அடுத்து மாதா கோயில் பாட்டு. அதற்கடுத்து... அந்த வயல்.

குழந்தை அழுதது. இருமல் கேட்டது. தெரு முழுக்க அந்தக் குரல். "யாரும் எந்திரிக்காதீங்க..."

"செல்வம்" என்றார் தனம் அத்தை. "அது ஒங்கப்பாடா."

செல்வம் மாமா கைக்குழந்தையாக இருந்தபோதே அவருடைய அப்பா இறந்துவிட்டார். வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது.

மாமா அந்தப் பாட்டு முடிந்ததும் முள்ளைத் தூக்கி, மறுபடியும் அதன் தொடக்கத்தில் வைத்தார்.

போய்ட்டு வாங்க அத்தை. உங்க ரெக்கார்ட் வந்துடுச்சு... சத்தத்தோடதான் வந்திருக்கு.