சூட்டு விளக்குக்கு முறை வைத்த வளர்மதி

எல்லோருக்கும் பொதுவானது என்று ஒன்று உண்டா, அல்லது யாரையாவது வெளியே நிறுத்தினால்தான் மற்றவர்கள் அதைப் பொது என்று ஒப்புக்கொள்வார்களா? வளர்மதியிடம் கேட்டால் பதில் வராது. அவருக்குக் கூடம் பெருக்க வேண்டும்.

அந்தச் சமுதாயக் கூடம் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்தில் இருக்கிறது. ஊர் கொடுத்த இடத்தில் ஓர் அறக்கட்டளை கட்டியது. காலையில் சின்னப் பிள்ளைகள், பகலில் தையல், மாலையில் டியூஷன், எந்நேரமும் வேறு போக்கிடமில்லாத கிழவர்கள். சாவி வளர்மதியிடம். மீன்கூடை சுமந்து கழுத்து தேய்ந்தபின் இந்த வேலைக்கு வந்தவர். அவரைத் தன்மையானவர் என்று யாரும் சொன்னதில்லை.

மூட்டுவலிக்குச் சூடு கொடுக்கும் விளக்கு அங்கே ஒன்றுதான் இருந்தது. வலி ஊர் முழுக்க இருந்தது. வளர்மதிக்குத் தெரிந்த பங்கீடு ஒன்றே. ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று ஊரார் முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஆண்களுக்குத்தான் அதில் இடம். விளக்குக்கும் அவர் பாடு வைத்தார்; வந்தவர் எவருக்கும் இடம் கொடுத்தார். கார் வைத்திருந்த இறால் வியாபாரி மாசிலாமணியும் காத்திருந்தார்.

ஒருநாள் மாசிலாமணிக்கு முந்தைய முறை லட்சுமிக்கு விழுந்தது. லட்சுமி தண்ணீரில் குந்தி, கையால் துழாவி இறால் பிடிப்பவர். அந்தக் குடும்பங்களுக்கு ஏரியில் பாடு என்றைக்கும் இருந்ததில்லை.

"இன்னாம்மா வளர்மதி, இவங்களுக்கு எப்போலேந்து பாடு?" என்றார் மாசிலாமணி.

"எனக்குந்தான் பாடு இல்ல. சாவி என்கிட்ட கீது."

"நக்கலா?"

"குந்துணா. அடுத்தது நீதான்."

"நான் வோணும்னா எந்திரிச்சிடறேன்க்கா," என்றார் லட்சுமி.

"எந்திரிச்சா சூடு வீணாப்பூடும். சும்மா இரு."

மாசிலாமணி ஊர்க்கூட்டத்தில் சொன்னார். கூட்டம் முடிவெடுத்தது: பாடு இல்லாதவர்கள் ஊராரோடு முறையில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் வளர்மதியின் மகன் பிரவீனுக்கு ஏரிப் பாடு நிற்கும். பிரவீன் கல்யாணம் முடித்து அந்த வருடம்தான் பாடு முறையில் சேர்ந்திருந்தான்.

"யம்மா, அவங்களுக்குப் பாடு இல்லன்னு சொல்லிட்டுப் போயேன். நெசந்தானே?"

"நெசந்தான்," என்றார் வளர்மதி. கூடம் பெருக்கப் போனார்.

அறக்கட்டளையிலிருந்து அனிதா போன் செய்தார். அவர் நல்ல மனம் உள்ளவர். ஒரு வழியும் வைத்திருந்தார். இன்னொரு விளக்கு அனுப்புவதாகவும், அதைப் பின்கட்டில் லட்சுமி போன்றவர்களுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். ஊர்க்கூட்டம் ஒப்புக்கொண்டது. மாசிலாமணியே, "பாவம், அவங்களுக்கும் வலிக்கும்ல," என்றார். பிரவீன் வலையை எடுத்து ஓட்டை பார்க்கத் தொடங்கினான். லட்சுமிகூடத் தனி விளக்கு என்றால் காத்திருக்க வேண்டாமே என்றார். யாருக்கும் நஷ்டமில்லாத தீர்வு. அப்படிப்பட்ட தீர்வுகளில் வழக்கமாக எது விட்டுப்போகுமோ அது இதிலும் விட்டுப்போயிருந்தது. லட்சுமி ஊராரோடு ஒரே முறையில் உட்காருவதை யாரும் தேடவில்லை.

விளக்கு வேனில் வந்தது. பிரவீன் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்கட்டுப் பக்கம் நடந்தான்.

"வேன்லயே ஏத்திடு," என்றார் வளர்மதி.

"எதை?"

"அதைத்தான்."

பிரவீன் பெட்டியை இறக்காமல் நின்றான். "யம்மா, நாளன்னிக்கு என் பாடு. இது திரும்பிப் போனா அது நின்னுடும்."

"தெரியும்."

அவன் பெட்டியை வேனில் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் கரைப்பக்கம் போனான். வேன் டிரைவர், அனிதா மேடத்திடம் என்ன காரணம் சொல்வது என்று கேட்டார்.

"மழை பேஞ்சி ரோடு மோசமா கீது," என்றார் வளர்மதி. "பாத்துப் போ."