பதினாறு வருஷம் முகம் மூடிய லென்ஸ்

கிசில்ஓர்தாவில் காற்று வீசாத நாள் உண்டா என்று கேட்டால், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட யோசித்துத்தான் பதில் சொல்வார்கள். காற்றோடு வரும் புழுதி பல்லில் நறநறக்கும், தேநீர்க் கிண்ணத்தின் அடியில் தங்கும். ஊரே அதைத் திட்டும். கல்யாண போட்டோக்காரர் அமான்தாய் மட்டும் திட்ட மாட்டார். அவர் செய்கிற எல்லாக் காரியத்துக்கும் அந்தப் புழுதிதான் சாக்கு.

அவர் வீட்டு விருந்தறை சோபா, கடையிலிருந்து வந்த அன்று போட்டிருந்த பாலிதீன் உறையோடு அப்படியே இருந்தது. உட்கார்ந்தால் கீச்சென்று கத்தும். ஜூலை மாதத்தில் எழுந்திருப்பவர் தொடையைப் பிய்த்துக்கொண்டுதான் எழவேண்டும். டிவி ரிமோட்டுக்கு ஓர் உறை. பாஸ்போர்ட்டுக்கு ஓர் உறை, அந்த உறை அழுக்காகிவிடக் கூடாதே என்று அதற்கு மேல் இன்னொன்று. மனைவி குல்யாஷ் பிறந்தகத்திலிருந்து கொண்டுவந்த கம்பளம் சுருட்டிய சுருள் பிரியாமல் அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. அதில் என்ன பூ நெய்திருக்கிறது என்பது குல்யாஷுக்கே மறந்துபோயிருந்தது.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு லென்ஸ் வாங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்.

கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்த பெட்டைக்குதிரையை விற்றுத்தான் அந்த லென்ஸ் வந்தது. பணத்தைச் சட்டைக்குள் தைத்துக்கொண்டு அல்மாத்தி நகரத்துக்கு ரயில் ஏறினார். அங்கே கடைக்காரர் விவரமான ஆள். மேஜை மேல் எப்போதும் உடைந்த லென்ஸ் ஒன்றை வைத்திருப்பார். அமான்தாய் அதைப் பார்த்த பார்வையிலேயே, வந்திருப்பது யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஃபில்டர் வேண்டாம் என்று சொன்ன ஒரு வாடிக்கையாளருடையது இது என்று மெதுவாகச் சொல்லிப் பெருமூச்சு விட்டார். அமான்தாய் புது லென்ஸின் கண்ணாடியை முழுசாகப் பார்ப்பதற்குள் காப்புக் கண்ணாடியான ஒரு ஃபில்டரைத் தன் கையாலேயே திருகி மூடியும் கொடுத்துவிட்டார். லென்ஸின் விளிம்பைச் சுற்றி மாட்டும் திறந்த குழல் ஒன்றும் கூடவே வந்தது. உண்மையில் அடியைத் தாங்குவது அதுதான். அதில் கீறல் விழுந்துவிடும் என்று அமான்தாய் அதை அட்டைப்பெட்டியிலேயே வைத்துவிட்டார்.

அன்றைக்கு மூடியதுதான். பிறகு பதினாறு வருஷம் அந்த லென்ஸின் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. மூன்றாம் வருஷம் துடைக்கும்போது ஃபில்டரில் ஒரு மெல்லிய கோடு விழுந்தது. ரெண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு சந்தைக்குப் போய் மலிவாக இன்னொரு ஃபில்டர் வாங்கிவந்து, ஃபில்டருக்குக் காவலாக அதன் மேல் மாட்டினார். ஒரு கல்யாணத்தில் அந்தக் காவல் கண்ணாடியில் தேநீர்த் துளி தெறித்ததற்கு, மண்டபத்துக்குள் நுழைந்துகொண்டிருந்த மணப்பெண்ணை நிறுத்தி வைத்துத் துடைத்தார். ஒரு தரமல்ல, மூன்று தரம்.

படங்கள் எப்படி வந்தன என்று கேட்டால், மண்டபத்தில் நாற்பது விளக்கு இருந்தால் அமான்தாயின் படத்தில் எண்பது இருக்கும். நாற்பது நிஜம், நாற்பது அந்தக் கண்ணாடிகள் பெற்றெடுத்த பச்சை நிற ஒளிக்குட்டிகள். ஒருமுறை ஒரு பச்சைக் குட்டி மாப்பிள்ளையின் தகப்பனார் மூக்கின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. மணப்பெண்ணின் வெள்ளை உடுப்பு நாலு பக்கமும் வழிந்து பக்கத்தில் நிற்பவர்களை நனைக்கும். முகங்களெல்லாம் தேநீருக்குக் கொதிக்கும் சமோவாரின் ஆவிக்குப் பின்னால் இருப்பது போலத் தெரியும். அதனால் பிழைப்பு கெட்டதா என்றால் அதுவும் இல்லை. போட்டோக்காரரை முடிவு செய்கிறவர்கள் மாமியார்கள். அறுபது வயது மாமியாரை நாற்பது வயதாகக் காட்டுகிற போட்டோக்காரரை விட்டுவிட அவர்களுக்கென்ன பைத்தியமா?

ஊரில் தர்மேன் என்று இன்னொரு போட்டோக்காரர் உண்டு, அமான்தாயைவிடப் பத்து வயது இளையவர். மூடாத லென்ஸோடு புழுதியில் திரிவார். அதில் கீறல்கூட உண்டு. மூத்தவர் என்பதால் அமான்தாயை மரியாதையாக அகாய் என்றுதான் அழைப்பார். ஒரு நாள் அவர் பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டார்.

"அகாய், குதிரைய வித்து வாங்கின லென்ஸு உள்ள பத்திரமா தூங்குது. படம் எடுக்கறது என்னமோ சந்தையில வாங்கின ஜன்னல் கண்ணாடிதான்."

"உன்னோடத விக்கப் போனா எவன்டா தொடுவான்? என்னோடது புதுசு. என்னிக்கு வித்தாலும் புதுசு," என்றார் அமான்தாய்.

அதை விற்கும் எண்ணம் அவருக்கு எந்நாளும் இருந்ததில்லை. அதற்குள் அந்த மாதிரி லென்ஸ் பொருந்துகிற காமிராவே கடைகளில் வருவது நின்றுவிட்டிருந்தது. புதுசாகவே இருந்த அதை வாங்க ஆள்தான் இல்லை.

அமான்தாய்க்கு ஒரே மகள், இங்கார். சந்தைத் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மாப்பிள்ளை அக்தோபேக்காரன், ரயிலில் ஓர் இரவுக்கு மேல் போகவேண்டிய தூரம். வழியனுப்பு விருந்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, திரையில் ஓட்டிக் காட்டச் சின்ன வயசுப் படங்கள் வேண்டும் என்று அவள் தகப்பனின் கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தாள். படம் படமாகத் தள்ளிப் பார்த்தாள். பிறகு தகப்பனைக் கோகே என்று கூப்பிட்டாள்.

"கோகே, பள்ளிக்கூடம் சேர்ந்த அன்னிக்கு எடுத்தது இது. இதுல நான் எங்க இருக்கேன்?"

"நடுவுல. வெள்ளை ரிப்பன் கட்டியிருக்கே பாரு."

"எல்லாருமே வெள்ளை ரிப்பன்தான் கோகே. எல்லாம் ஒண்ணாக் கரைஞ்சு போயிருக்கு. என்னைப் பெத்தவங்களே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது."

பெற்றவர் திரையில் குனிந்து தேடினார். கண்டுபிடிக்க முடியவில்லை. நடுவில் என்று தான் சொன்னதும் குத்துமதிப்புதான் என்பது அவருக்கே தெரியும்.

அவள் கோபப்படவில்லை, அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "நாள் பூரா ஜனங்களுக்கு நல்லாத் தெரியணும்னு நான் கண்ணாடி மாட்டி விடறேன். எங்க வீட்ல தெரியவே கூடாதுன்னு மாட்டியிருக்கு," என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னாள். "நான் வாசப்படி தாண்டறப்ப ஒரே ஒரு படம். அந்தக் கண்ணாடி ரெண்டும் இல்லாம. உங்களால முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க, தர்மேன் அகாயைக் கூப்பிட்டுக்கறேன்."

அந்த மூன்று வாரமும் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. மகளைவிட லென்ஸ் பெரிதென்று நினைக்கிற கல்நெஞ்சக்காரர் என்று அவரை எண்ணிவிட வேண்டாம். இங்கார் கைக்குழந்தையாக இருந்தபோது மே மாதத்தில் மூன்று சால்வை சுற்றி, அவளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு வரவைத்தவர் அவர். பிரியமானது எதுவானாலும் மூடிவைக்க மட்டுமே அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். தன் வீட்டு வாசலில் தன் மகளைத் தர்மேன் படமெடுப்பதை நினைத்தாலும் தூக்கம் போனது. புழுதிக்காற்றில் அந்தக் கண்ணாடி அம்மணமாக நிற்பதை நினைத்தாலும் போனது.

வழியனுப்பும் நாள் காலையில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஃபில்டரைத் திருகினார். அது அசையவில்லை. பதினாறு வருஷப் புழுதி மரையில் ஏறிக் காரையாகி இருந்தது. ரப்பர் வளையம் போட்டுத் திருகினார், துணி சுற்றித் திருகினார், கடைசியில் முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டும் திருகினார். விடிந்ததிலிருந்து விருந்துக்குப் பவுர்சாக் மாவுருண்டை பொரித்துக்கொண்டிருந்த குல்யாஷ் எட்டிப் பார்த்தாள். குளிர்காலம் பூராவும் ஊறுகாய் ஜாடி திறந்து பழகிய கை அவளுடையது. பாத்திரம் கழுவும் ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு லென்ஸை வாங்கி ஒரே ஒரு திருகு திருகினாள். கறகறவென்ற சத்தத்தோடு இரண்டு ஃபில்டரும் சேர்ந்தே வந்துவிட்டன.

அவர் கை நீட்டியதும் அவள் லென்ஸைத் தன் சால்வைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"கோரிம்திக் குடுத்துட்டுப் பாருங்க," என்றாள். புதுப்பெண்ணையும் புதுக்குழந்தையையும் முதல்முதலாகப் பார்க்கிறவர் ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் பார்க்கவேண்டும், வெறுங்கையோடு பார்க்க யாரும் விடமாட்டார்கள். "எங்கப்பா குடுத்த குதிரைய வித்து வாங்கினது. இன்னிக்குத்தான் மொத மொதலா மொகம் பாக்கறீங்க, இங்காரோட கோகே. சும்மாவா?"

"என்ன வேணும் உனக்கு?"

"சம்பந்திங்க வர்றதுக்குள்ள அந்த சோபாவை உரிக்கணும்."

அவர் தயங்கினார். அவள் சால்வையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். சமையல்கத்தியால் அவரே பாலிதீனைக் கிழித்தார். இத்தனை வருஷமாகப் பழுப்பு என்று நினைத்திருந்த சோபா நல்ல பச்சை நிறமாக இருந்தது. பிறகுதான் லென்ஸ் கைக்கு வந்தது. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். ஊதாவும் பச்சையுமாக ஆழத்தில் ஏதோ மின்னியது. பிள்ளை பிறந்த வீட்டில் பேசுவது போலத் தணிந்த குரலில், நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

நண்பகலில் சம்பந்தி வீட்டுக் கார்கள் வாசலில் நின்றன. புறப்படுகிற பெண் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால், முகம் வேண்டுமானால் முன்னால்தான் நிற்கவேண்டும். அமான்தாய் கேட்டருகே நின்றுகொண்டார். இரண்டு படங்களுக்கு நடுவே உள்ளங்கையால் லென்ஸைப் பொத்திக்கொண்டார். உள்ளே பெண்கள் பிரிவுப்பாட்டு பாடி அழுகிற சத்தம் கேட்டது. உயரமான தலையணியோடு இங்கார் வாசற்படி தாண்டினாள். கன்னமெல்லாம் ஈரம். இரண்டு பக்கமும் ஷாஷு என்ற மங்கலப் பொருள்களைப் பெண்மேல் வாரி இறைக்கத் தாய்மார் தட்டோடு நின்றார்கள். இந்தப் பக்கம் குல்யாஷின் தட்டில் மிட்டாயும், கல் மாதிரி காயவைத்த குர்த் தயிர் உருண்டையும். அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் தாய் ஷர்பானின் தட்டில் மிட்டாயும் சில்லறை நாணயமும். பெண் படியிறங்கியதும் எல்லாம் ஒன்றாக மழையாய்க் கொட்டின.

டக் என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தத்துக்குத்தான் அவர் பதினாறு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தார். அவரைக் கேட்காமலே இடதுகை லென்ஸைப் பார்க்க எழுந்தது. கல்யாணங்களையே நிறுத்தி வைத்த கை அது. இங்காருக்கும் காருக்கும் நடுவே நாலே அடி இருந்தது.

அவள் பார்த்துவிட்டாள். அந்தக் கை எங்கே போகிறது என்பது அவளுக்குத் தெரியாதா? அழுதுகொண்டிருந்த முகம் அப்படியே சிரித்துவிட்டது. அமான்தாய் கையைக் கீழே இழுத்து, காமிராவைப் பிடித்து, பொத்தானை அழுத்தினார். அவள் காரில் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லோரும் போனபிறகு பச்சை சோபாவில் உட்கார்ந்து லென்ஸைப் பார்த்தார். ஓரத்திலிருந்து சற்று உள்ளே, அரிசிக் குருணை அளவுக்குக் கண்ணாடி பெயர்ந்திருந்தது. அது நாணயம்தான், ஷர்பான் எறிந்ததுதான் என்று குல்யாஷ் இன்றுவரை சாதிக்கிறாள். குர்த்தாகக்கூட இருக்கலாம், அந்த வருஷம் அவள் அதை அப்படிக் காயவைத்திருந்தாள். துக்கம் கேட்பது போல முகத்தை வைத்துக்கொண்டு தர்மேன் வந்தார். இருவரும் அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார்கள்.

"எங்க அகாய் அந்தக் குழி?" என்றார் தர்மேன்.

மூலைமூலையாகத் தேடினார்கள். குழியின் அடையாளமே இல்லை. லென்ஸில் விழுந்த காயம் படத்தில் தெரியவே தெரியாது என்பது தர்மேனுக்கு முன்பே தெரியும், அதை அவர் சொல்லிக்காட்டவில்லை. இமைமயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஒன்றில் ஒரு துளி நின்றுகொண்டிருந்தது. புருவத்தோரம் சின்னம்மைத் தழும்பு இருந்தது.

தர்மேன் போனதும் அமான்தாய் பழைய படங்களைத் திறந்தார். முதல் சைக்கிள், ஏழாவது பிறந்தநாள், பள்ளிக்கூடத்தின் கடைசி நாள். எல்லாவற்றிலும் ஆவிக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பதினாறு வருஷமாக அவர் ஒரு கண்ணாடியைப் பத்திரமாக வைத்திருந்தார். மகளை வைத்திருக்கவில்லை. அது இப்போதுதான் உறைத்தது, உறைத்ததும் வாய்விட்டு அழுதார்.

"இவ மொகம் இப்படியா இருந்துச்சு?" என்று கேட்டார் குல்யாஷிடம்.

"இப்படித்தான் இருந்துச்சு. நான் கண்ணால பாத்துக்கிட்டே இருந்தேனே," என்றாள் அவள்.

மறுவாரம் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சுப்போட்டு, கண்ணாடிச் சட்டமிட்டு, சோபாவுக்கு மேலே மாட்டினார். நாலடி தள்ளி நின்று பார்த்தார். எதிர் ஜன்னல் தெரிந்தது, திரைச்சீலை தெரிந்தது, தன் வழுக்கைத் தலையும் தெரிந்தது. இங்காரை மட்டும் காணவில்லை. சட்டத்தைக் கீழே இறக்கி, பின்னாலிருந்த ஆணிகளைக் கத்தியால் நெம்பி, கண்ணாடியை உருவிவிட்டுப் படத்தை மறுபடி மாட்டினார்.

"புழுதி படியுமே," என்றாள் குல்யாஷ்.

"படியட்டும். தொடைச்சுக்கலாம்."

உருவிய கண்ணாடியை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, உடைந்துவிடப் போகிறதே என்று அதை ஒரு பழைய சால்வையில் சுற்றி, அலமாரிக்குப் பின்னால் கம்பளத்தின் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.